இரத்தத்தில் பூஜ்யம், மூட்டில் மிச்சம்: முடக்குவாதத்தில் பி செல்களை நீக்கிய சிகிச்சை பற்றிய நிகழ்வு ஆய்வு

1990களின் நடுப்பகுதி வரை முடக்குவாதத்துக்கு மூலகாரணம் டி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுதான் என்பது மூட்டு மருத்துவத்தில் வேரூன்றிய எண்ணம். அதற்கு நியாயமும் இருந்தது. வீங்கிய மூட்டுச் சவ்வில் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் டி செல்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். நோயோடு மிக நெருங்கிய மரபணுவான ஹெச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 செய்யும் வேலையே டி செல்லுக்குப் புரதத் துண்டுகளை எடுத்துக் காட்டுவதுதான். ஆகவே சி.டி.4 வகை டி செல்களை அழிக்கும் ஆன்டிபாடிகளை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். இரத்தத்தில் அந்தச் செல்களின் எண்ணிக்கை விழுந்தது; பலருக்கு மாதக்கணக்கில் எழவே இல்லை. ஆனால் போலி மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது மூட்டு வீக்கத்தில் சொல்லும்படியான வேறுபாடு தென்படவில்லை.

இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லலாம். டி செல் காரணமே இல்லை என்பது ஒன்று. இரத்தத்தில் குறைந்த செல் மூட்டுக்குள் குறையவில்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது விளக்கத்தை மறக்க வேண்டாம். ஆன்டிபாடிகளுக்கு மூலமான பி செல் என்ற வெள்ளணுவின் விஷயத்திலும் இது திரும்ப வருகிறது. இந்த ஆய்வின் மையமே அதுதான்.

லண்டனில் எழுந்த வாதம்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஜோனதன் எட்வர்ட்ஸ், ஜெரால்டின் கேம்பிரிட்ஜ் இருவரும் வேறு முனையிலிருந்து தொடங்கினார்கள். முடக்குவாத நோயாளிகளின் இரத்தத்தில் 'ஆர்.ஏ. ஃபேக்டர்' இருப்பது வாலர் 1940இலும் ரோஸ் 1948இலும் எழுதிய காலத்திலிருந்தே தெரியும். அது ஒரு ஆன்டிபாடி. அது பற்றிக்கொள்வதோ இன்னொரு ஆன்டிபாடியை: நம் இரத்தத்தில் மிகுதியாக உள்ள ஆன்டிபாடி வகையான ஐ.ஜி.ஜி.யின் வால்பகுதியை. பல ஆண்டுகளாக இது நோயின் பக்கவிளைவு, பரிசோதனைச் சீட்டில் வரும் ஓர் அடையாளம் என்ற அளவில்தான் மதிக்கப்பட்டது.

எட்வர்ட்ஸ் அதைக் காரணமாகப் பார்த்தார். வாதம் இப்படிப் போகிறது. ஒரு பி செல் முழு வீச்சில் பெருக வேண்டுமானால் டி செல்லின் உதவி தேவை. பி செல் தன் ஏற்பியில் எதைப் பிடிக்கிறதோ அதை விழுங்கி, துண்டுபோட்டு, மேற்பரப்பில் காட்டும். அந்தத் துண்டை அறிந்த டி செல் வந்து உதவும். சொந்தப் புரதத்தைப் பிடிக்கும் பி செல்லுக்கு இந்த உதவி கிடைக்காது, ஏனெனில் சொந்தப் புரதத்தை அறியும் டி செல்கள் பெரும்பாலும் அவை முதிரும் தைமஸ் சுரப்பியிலேயே களையப்பட்டுவிடும். இதுதான் உடலின் காவல். ஆர்.ஏ. ஃபேக்டரைச் சுரக்கும் பி செல் இந்தக் காவலைத் தாண்டிப் போகிறது. அது பிடிப்பது ஐ.ஜி.ஜி.யை, அந்த ஐ.ஜி.ஜி. ஏற்கெனவே ஏதோ ஒரு கிருமிப் புரதத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து உள்ளே போகின்றன. பி செல் கிருமித் துண்டைக் காட்டுகிறது. கிருமிக்கு எதிரான, முற்றிலும் நியாயமான டி செல் ஒன்று வந்து உதவிசெய்துவிடுகிறது. குற்றமற்ற டி செல்லின் உதவியால் தவறான பி செல் வளர்கிறது. பிறகு அது சுரக்கும் ஆன்டிபாடியே அதன் அடுத்த தூண்டுதலுக்கு இரையாகிறது. வட்டம் தானாகச் சுழலத் தொடங்குகிறது.

மூட்டுக்கு ஏன் வருகிறது என்பதற்கும் அவர்களிடம் பதில் இருந்தது. ஐ.ஜி.ஜி. வகை ஆர்.ஏ. ஃபேக்டர்கள் ஒன்றையொன்று பற்றிச் சிறு சிறு கோர்வைகளாகின்றன. பெரிய கோர்வையாக இருந்தால் காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்புப் புரதங்கள் ஒட்டி, இரத்தத்திலேயே அகற்றியிருக்கும். சிறியவை தப்பித்துத் திசுக்களுக்குள் நுழைந்து, சி.டி.16 ஏற்பி உள்ள மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களைத் தொடுகின்றன, அவை வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தைச் சுரக்கின்றன. அந்த ஏற்பி நிறைந்த மேக்ரோஃபேஜ்கள் இருக்கும் இடங்களைப் பாருங்கள்: மூட்டுச் சவ்வு, இதய உறை, நுரையீரல் சிற்றறைகள், முழங்கை போல அழுத்தம் படும் தோல். முடக்குவாதம் தாக்கும் இடங்களின் பட்டியலும் ஏறக்குறைய இதுவே.

வாதம் சரியானால் சோதனை எளிது. பி செல்களை ஒருமுறை முழுமையாகத் துடைத்து வட்டத்தை அறுக்க வேண்டும். அதற்கான கருவி அப்போதுதான் வந்திருந்தது: லிம்ஃபோமா புற்றுநோய்க்காக 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்ஸிமாப்.

மருந்து எதைத் தொடுகிறது, எதைத் தொடாது

ரிட்டுக்ஸிமாப் பற்றுவது சி.டி.20 என்ற மேற்பரப்புப் புரதத்தை. எலும்பு மஜ்ஜையில் பி செல் பாதி வளர்ந்த நிலையில் இது முளைக்கிறது; முதிர்ந்த பி செல், நினைவு பி செல் வரை நிற்கிறது; ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்லாக மாறும்போது மறைந்துவிடுகிறது. இந்த ஒரே செய்தியிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. ஸ்டெம் செல் தப்புவதால் பி செல்கள் மறுபடி வரும். பிளாஸ்மா செல் தப்புவதால் பழைய தடுப்பூசிகள் தந்த ஆன்டிபாடிகள் உடனே போய்விடாது. நினைவு பி செல் அழிவதால் நோயின் நினைவும் அழியும் வாய்ப்புண்டு, அது மருந்தின் கைக்கு எட்டினால்.

அழிக்கும் வேலையை மருந்து நேரடியாகச் செய்வது குறைவு. மருந்து போர்த்திய பி செல்லை என்.கே. செல்கள் என்ற கொல்லி வெள்ளணுக்கள் சி.டி.16 வழியாகப் பிடித்துக் கொல்கின்றன, கல்லீரலிலும் மண்ணீரலிலும் மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன, காம்ப்ளிமென்ட்டும் துளையிடுகிறது. ஆக, பி செல் எவ்வளவு அழியும் என்பது மருந்தின் அளவை மட்டும் பொறுத்ததல்ல, நோயாளியின் மற்ற நோயெதிர்ப்புச் செல்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. ஒரே டோஸ் ஒருவருக்கு முழுத் துடைப்பாகவும் இன்னொருவருக்கு அரைகுறையாகவும் முடிவதற்கு இது முக்கியக் காரணம்.

ஐந்து பேரும் 161 பேரும்

2001இல் வெளியான முதல் அறிக்கையில் இருந்தவர்கள் ஐந்தே நோயாளிகள். எல்லோருக்கும் பல மருந்துகள் தோற்றுப்போன நோய். மூன்று வாரத்துக்குள் நான்கு முறை ரிட்டுக்ஸிமாப், இருமுறை செல்களைக் கொல்லும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 750 மி.கி., கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. ஆறாம் மாதத்தில் ஐவரும் ஏ.சி.ஆர்.50 அளவை எட்டினார்கள். அதாவது வலிக்கும் மூட்டுகளும் வீங்கிய மூட்டுகளும் பாதிக்குப் பாதி குறைய வேண்டும். மீதி ஐந்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றிலும் அதே அளவு முன்னேற்றம் வேண்டும். ஒப்பீட்டுக் குழு இல்லை, மூன்று மருந்துகள் ஒன்றாக ஓடின. இதை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் டி செல் சோதனைகள் எதிலும் காணாத ஆழம் இதில் இருந்தது.

2004இல் வெளியான 161 பேர் ஆய்வு ஐயங்களைத் தீர்த்தது. எல்லோரும் ஆர்.ஏ. ஃபேக்டர் உள்ளவர்கள், முடக்குவாதத்தின் வழக்கமான மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் எடுத்தும் நோய் அடங்காதவர்கள். ரிட்டுக்ஸிமாப் 1000 மி.கி. முதல் நாளும் பதினைந்தாம் நாளும். 24ஆம் வாரத்தில் ஏ.சி.ஆர்.50 எட்டியவர்கள்: மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் எடுத்தவர்களில் 13%, ரிட்டுக்ஸிமாப் மட்டும் 33%, சைக்ளோஃபாஸ்ஃபமைடோடு சேர்த்து 41%, மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்து 43%. இந்தக் கடைசி எண்தான் நடைமுறையைத் தீர்மானித்தது. நச்சு அதிகமுள்ள சைக்ளோஃபாஸ்ஃபமைடு தேவையில்லை, ஏற்கெனவே எல்லோரும் விழுங்கும் வாராந்தர மாத்திரையே போதும். 2006இல், டி.என்.எஃப். தடுப்பு மருந்து பலிக்காதவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்துத் தர அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் டாக்டர் ரெட்டிஸ் நிறுவனம் 2007இல் தன் சொந்தத் தயாரிப்பான ரெடிடக்ஸைக் கொண்டுவந்த பிறகு விலை இறங்கி, மருந்து கைக்கு எட்டத் தொடங்கியது.

ஏன் உடனே வலி குறைவதில்லை

டிரிப் முடிந்த சில நாட்களில் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பி செல் காணாமல் போய்விடும். வலி குறைய எட்டு முதல் பதினாறு வாரம் ஆகலாம். நோயாளி கலங்குவது இந்த இடைவெளியில்தான். டி.என்.எஃப். தடுப்பு மருந்து போட்டவர்கள் ஓரிரு வாரத்தில் எழுந்து நடப்பதைப் பார்த்திருப்பார், தனக்கு மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

தாமதத்தின் காரணம் செல்களின் ஆயுள். பி செல் போய்விட்டாலும் அது பெற்றுப்போட்ட பிளாஸ்மா செல்கள் ஆன்டிபாடி சுரந்துகொண்டிருக்கும். அவற்றில் குறுகிய ஆயுள் உள்ளவை சாக வேண்டும்; அதன்பின் இரத்தத்தில் இருக்கும் ஐ.ஜி.ஜி. வடிய வேண்டும். அதன் அளவு பாதியாவதற்கே சுமார் 21 நாள் ஆகும். கேம்பிரிட்ஜ் குழு 2003இல் காட்டியது இதை ஒட்டியதுதான்: ஆர்.ஏ. ஃபேக்டரும், முடக்குவாதத்தின் இன்னொரு ஆன்டிபாடியான ஆன்டி-சி.சி.பி.யும் தெளிவாக இறங்கின, ஆனால் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி ஏறக்குறைய அப்படியே நின்றது. நோயின் ஆன்டிபாடிகளில் பெரும்பங்கு குறுகிய ஆயுள் பிளாஸ்மா செல்களிலிருந்து வருகிறது, அவற்றுக்குப் பி செல்களிடமிருந்து ஓயாமல் புது வரவு தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று அப்போது இல்லை. ஆன்டி-சி.சி.பி. இறங்குமே தவிர முழுதும் மறைவது அரிது. எலும்பு மஜ்ஜையில் குடியேறிய நெடுநாள் பிளாஸ்மா செல்களும் கொஞ்சம் பங்களிக்கின்றன.

தடுப்பூசி சொன்ன பாடம்

பி செல் இல்லாத முடக்குவாத நோயாளியின் நோயெதிர்ப்பு எங்கே ஊனப்படுகிறது, எங்கே நிற்கிறது என்பதை 2010இல் வந்த ஒரு தடுப்பூசி ஆய்வு நேரடியாக அளந்தது. ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் எடுத்தவர்களுக்கும் மூன்று விதமான தூண்டல்கள். உடல் ஏற்கெனவே அறிந்த டெட்டனஸ்: பதில் தந்தவர்கள் முறையே 39%, 42%, வேறுபாடு இல்லை. நிமோகாக்கஸ் தடுப்பூசிக்கு ஒரு வகைக்காவது பதில்: 57%, 82%. மூன்றாவது, யாருடைய உடலும் முன்பு சந்தித்திராத ஒன்று: கடல் நத்தை இனம் ஒன்றின் இரத்தப் புரதம். பதில் தந்தவர்கள் 47%, 93%.

பழைய நினைவு பெருமளவு நிற்கிறது, புதிதாகக் கற்பதுதான் முடங்குகிறது. தடுப்பூசிகளை முதல் டிரிப்புக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே போட்டு முடிக்க வேண்டும் என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது. கோவிட் காலத்தில் இதன் விலை தெரிந்தது: ரிட்டுக்ஸிமாப் பெற்ற பலருக்குத் தடுப்பூசிக்குப் பின் ஆன்டிபாடி உருவாகவே இல்லை, நோய் கண்டவர்களில் கடுமையானவர்களும் அதிகம். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவருக்குத் தடுப்பூசி போட ஏற்ற நேரம் அடுத்த சுற்றுக்குச் சற்று முன்பு, பி செல்கள் எட்டிப்பார்க்கும் தறுவாய்.

டிரிப் நாளன்று

முன் பரிசோதனையில் எதை விட்டாலும் ஹெபடைட்டிஸ் பி-யை விடக்கூடாது. இப்போதுள்ள தொற்றைக் காட்டும் ஹெச்.பி.எஸ். ஆன்டிஜன் மட்டும் பார்த்து 'நெகட்டிவ்' என்று நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பழைய தொற்றையும் காட்டும் ஆன்டி-ஹெச்.பி.சி. பரிசோதனையும் வேண்டும். எப்போதோ வந்துபோன வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும்; அதை அடக்கிவைப்பதில் பி செல்லுக்கும் பங்குண்டு. காவல் விலகியதும், சில சமயம் மருந்து நிறுத்தி மாதங்கள் கழித்துக்கூட, அது எழுந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்யும். பாசிட்டிவ் வந்தால் கல்லீரல் மருத்துவரைக் கலந்து என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் தொடங்கி, கடைசி டோஸுக்குப் பிறகும் ஓராண்டுக்குக் குறையாமல் தொடர வேண்டும். ஐ.ஜி.ஜி. அளவையும் முதலிலேயே எடுத்துவைக்க வேண்டும். தொடக்கத்திலேயே குறைவாக இருப்பவருக்குக் கடும் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல்.

கலவைக் கணக்கு எளிது. 500 மி.கி., 50 மி.லி. குப்பி இரண்டு சேர்ந்தால் 100 மி.லி. 500 மி.லி. சலைன் பையிலிருந்து 100 மி.லி.யை எடுத்துவிட்டு மருந்தைச் சேர்த்தால் மி.லி.க்கு 2 மி.கி.; அனுமதித்த வரம்பு 1 முதல் 4 வரை. பையை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், குலுக்கினால் புரதம் நுரைத்துக் கெடும். அரைமணி முன்பே மெத்தில்பிரெட்னிசோலோன் 100 மி.கி. நரம்பு வழியே, பாராசிட்டமாலும் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தும் கூடவே. மணிக்கு 50 மி.கி., அதாவது இந்தக் கலவையில் 25 மி.லி., என்று தொடங்கி, அரைமணிக்கொருமுறை அதே அளவு கூட்டி, மணிக்கு 400 மி.கி.யை எட்டியதும் கூட்டுவதை நிறுத்த வேண்டும். அப்படி ஓட்டினால் 4 மணி 15 நிமிடத்தில் முடியும். இரண்டாவது டிரிப்பை 100இல் தொடங்கி நூறு நூறாகக் கூட்டலாம்; 3 மணி 15 நிமிடம்.

அரிப்பு, தொண்டை கமறல், குளிர்சுரம், இரத்த அழுத்தம் விழுதல் ஆகியவை பெரும்பாலும் முதல் டிரிப்பின் முதல் இரண்டு மணி நேரத்தில் வரும். பி செல்கள் மொத்தமாக உடையும்போதும் என்.கே. செல்கள் தூண்டப்படும்போதும் கொட்டும் சைட்டோகைன் என்ற தூண்டுபுரதங்களே காரணம். இரண்டாவது முறை இது குறைவாக இருப்பதற்குக் காரணம், உடைவதற்குச் செல்களே அதிகம் மிச்சமில்லாததுதான். வந்தால் டிரிப்பை நிறுத்தி, அடங்கியபின் பாதி வேகத்தில் தொடரலாம். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ இருந்தால் தொடரக்கூடாது. இரத்த அழுத்த மாத்திரையை முந்தைய 12 மணி நேரம் தவிர்க்கச் சொல்வதும் இந்த அழுத்த வீழ்ச்சிக்காகத்தான்.

பூஜ்யம் என்று வந்த சீட்டு

பலரும் வழுக்கி விழும் இடம் இது. சிகிச்சைக்குப்பின் பி செல்லை எண்ணும்போது சி.டி.20 அடையாளத்தை வைத்து எண்ணக்கூடாது; மருந்தே அதன்மேல் உட்கார்ந்து மறைத்திருக்கும், செல் இருந்தும் இல்லாததாகத் தெரியும். பி செல்லின் இன்னொரு மேற்பரப்புப் புரதமான சி.டி.19 வைத்து எண்ண வேண்டும். அதிலும், செல்களை எண்ணும் சாதாரண ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையில் மைக்ரோலிட்டருக்கு ஐந்து செல்லுக்குக் கீழே போனால் பல ஆய்வகங்கள் பூஜ்யம் என்றே அச்சிடும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வுக் குழுவினர் இன்னும் ஆழமாக, பல லட்சம் செல்களை எண்ணி, மைக்ரோலிட்டருக்கு 0.1 வரை பார்த்தார்கள். சாதாரணச் சீட்டில் எல்லோரும் பூஜ்யம். இந்த எண்ணிக்கையில் பலருக்கு முதல் டிரிப்புக்குப் பிறகும் மிச்சம் இருந்தது. மிச்சம் இருந்தவர்களுக்கே பலன் குறைந்தது. அந்த மிச்சத்தில் நினைவு பி செல்களும், பிளாஸ்மா செல்லாக மாறும் வழியில் உள்ளவையும் இருந்தன. முதல் சுற்றில் பலன் காணாத பலருக்கு ஆறு மாதத்தில் இரண்டாம் சுற்று தந்தபோது நோய் தணிந்ததையும் அதே குழு காட்டியது. ஒரே சுற்றை வைத்து மருந்து தோற்றது என்று கைகழுவுவது அவசரம்.

மூட்டுக்குள் நிலைமை இன்னும் கலப்படம். ஆம்ஸ்டர்டாமில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மூட்டுச் சவ்வை எடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் பி செல் அற்றுப்போனவர்களிலும் சவ்வில் சிலருக்கு முழுதும் போயிருந்தது, சிலருக்குப் பாதிதான். நலம் பெற்றதோடு நெருங்கிப் பொருந்தியது பி செல்லின் குறைவு அல்ல, பதினாறாம் வாரத்தில் சவ்விலிருந்த பிளாஸ்மா செல்லின் குறைவு. மூட்டில் தங்கிவிட்ட பி செல் ஆன்டிபாடிக்கு வித்திடுவதோடு நிற்பதில்லை. டி செல்லுக்குத் துண்டுகளைக் காட்டுகிறது, டி.என்.எஃப். சுரக்கிறது, எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட்டுகளைத் தூண்டும் ராங்க்-எல் என்ற புரதத்தையும் வெளியிடுகிறது. ஆகவே ஆன்டிபாடி அளவு இறங்கிய ஒருவருக்கும் எலும்பு அரிப்பு தொடர இடமுண்டு.

மூட்டுச் சவ்வை முன்கூட்டியே பார்த்து மருந்தைத் தேர்ந்தால் என்ன? ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 164 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு அதைச் செய்தது. சவ்வில் பி செல் குறைவாக உள்ளவர்களுக்கு ரிட்டுக்ஸிமாப் நல்லதா, ஐ.எல்.-6 என்ற வீக்கப் புரதத்தின் வழியைத் தடுக்கும் டோசிலிஸுமாப் நல்லதா என்பது கேள்வி. நுண்ணோக்கி வைத்துப் பிரித்தபோது பலன் கண்டவர்கள் முறையே 45%, 56%, வேறுபாடு உறுதியாகவில்லை. ஆர்.என்.ஏ. வரிசை வைத்துப் பிரித்தபோது 36%, 63%, உறுதியானது. பி செல் இல்லாத மூட்டில் பி செல் மருந்து தோற்பதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், பி செல் அரிதான மூட்டிலும் மூன்றில் ஒருவருக்கு அது வேலை செய்தது. அவர்களுடைய நோயை நடத்தும் பி செல்கள் நெறிக்கட்டிகளிலோ எலும்பு மஜ்ஜையிலோ இருந்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம்.

திரும்பி வருபவை யார்

ஆறு முதல் ஒன்பது மாதத்தில் பி செல்கள் திரும்புகின்றன. சிலருக்கு அவை எட்டிப்பார்த்த வாரங்களிலேயே வீக்கமும் திரும்புகிறது. வேறு சிலருக்கு பி செல்கள் வந்தபின்னும் ஓராண்டுக்கு மேல் நோய் தலைகாட்டுவதில்லை. எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம், வந்தவை வேறு. லண்டன் குழு 2006இல் பிரித்துப் பார்த்தபோது திரும்பியவற்றில் பெரும்பாலானவை மஜ்ஜையிலிருந்து புதிதாக இறங்கிய, எதையும் கற்றிராத செல்கள். பிறந்த குழந்தையின் இரத்தத்தைப் போன்ற அமைப்பு. உடனே நோய் திரும்பியவர்களிடம் சி.டி.27 உள்ள நினைவு பி செல்கள் கூடுதல். அழியாமல் பதுங்கியிருந்தவையே அவை. பி செல் இல்லாத நாட்களில் பாஃப் என்ற உயிர்காப்புப் புரதத்தின் அளவு இரத்தத்தில் ஏறுவதும் இதில் சேர்கிறது. திரும்பும் செல்களில் சாதாரணமாகச் சாக வேண்டியவையும் அதன் தயவில் பிழைக்கலாம்.

மறுசுற்று பொதுவாக 24 வாரத்துக்கு ஒருமுறை, எப்படியும் 16 வாரத்துக்கு முன் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் ஐ.ஜி.ஜி. பார்க்க வேண்டும். முதலில் இறங்குவது ஐ.ஜி.எம். என்ற மற்றொரு ஆன்டிபாடி வகை; ஐ.ஜி.ஜி. பல சுற்றுகளுக்குப் பிறகு மெல்ல இறங்கும், ஏனெனில் மூத்த பிளாஸ்மா செல்கள் உதிர உதிர அவற்றின் இடத்துக்கு வர ஆளில்லை. நோய் அடங்கியிருப்பவருக்கு நாள்காட்டியைப் பார்த்து அடுத்த டிரிப் போடுவதைவிட, அறிகுறியையும் ஐ.ஜி.ஜி.யையும் பார்த்து இடைவெளியை நீட்டுவதே நல்லது.

எட்வர்ட்ஸ் எதிர்பார்த்தது ஒரே துடைப்பில் முடியும் சிகிச்சை. கிடைத்தது ஆறு மாதத்துக்கொருமுறை திரும்பும் சிகிச்சை. வாதத்தில் பழுதா, துடைப்பில் பழுதா என்ற கேள்வி 2024இல் ஜெர்மனியின் எர்லாங்கனிலிருந்து வந்த அறிக்கையில் மறுபடி எழுந்தது. எல்லா மருந்தும் தோற்ற ஆறு முடக்குவாத நோயாளிகளுக்கு பிளினாடுமோமாப் தந்தார்கள். அதன் ஒரு கை பி செல்லின் சி.டி.19ஐயும் மறுகை டி செல்லின் சி.டி.3ஐயும் பிடித்து, டி செல்லையே கொண்டுவந்து பி செல்லைக் கொல்ல வைக்கிறது. பிளாஸ்மா செல்லாக மாறிக்கொண்டிருக்கும் செல்களிலும் சி.டி.19 இருப்பதால் ரிட்டுக்ஸிமாப் தொடாத கட்டத்தையும் இது தொடுகிறது. நோயின் தீவிரம் இறங்கியது, ஆன்டிபாடிகளும் இறங்கின. திரும்பி வந்த பி செல்களில் பெரும்பாலானவை எதையும் கற்றிராத புதியவை. அறுவருக்கும் அந்தப் புதிய செல்கள் எத்தனை ஆண்டு புதியவையாகவே நீடிக்கின்றன என்பதைச் சி.டி.27 எண்ணிக்கையில்தான் பார்க்க வேண்டும்.